உடும்புப்பிடி ராவுத்தர் மகனுக்கு

என் பிரியத்துக்குரிய யூசுப் அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கிற கபரஸ்தான் வாசலோடு பெண்களை நிறுத்திவிடுகிறார்கள், உனக்குத் தெரியும். அதனால் சலாமைக் காகிதத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், வீட்டுக்குள் 'நீ' என்பேன். இது ஊரறியப் போகிற கடிதம். இருந்தாலும் வீட்டு வழக்கப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷ ஃபாத்திஹாவுக்கு உன் மகள் சாரா இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறாள். ஓதி முடித்து, சோறு போட்டு, சொந்தங்களை அனுப்பிவைத்த மறுநாளே அவள் சேந்தமங்கலத்தை விட்டுக் கிளம்பிவிட்டாள். மலைமேல் வாசலூர்பட்டியில் நீ கடைசி இரண்டு வருஷம் இருந்த வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். நீ மாட்டிய டார்ட்ஸ் பலகை அங்கே அப்படியே தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம். அடுத்த மாதம் அவளுடைய ஆட்டத்தை முதல் தடவையாக டிவியில் காட்டப் போகிறார்கள்.

நேற்று மலைமேல் நான் பார்த்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் வரவில்லை. கொல்லிமலைக்கே எழுபது வளைவு சுற்றித்தான் போக வேண்டும், நானும் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சேந்தமங்கலத்து மிளகு வியாபாரியான எங்கள் அத்தாவின் மகன் யூசுப், இருபது வயதில் இங்கிலாந்துக்கு ரொட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போனவன். அந்த நாட்டுக் குடிமகனாகி, அந்த நாட்டு டார்ட்ஸ் வீரனாகவே பெயர் வாங்கியவன். தொழிற்சாலைக்கு எதிரே இருந்த மதுக்கடைச் சுவரில் ஒரு பலகை தொங்கியதாம். கூட வேலை செய்தவர்கள் பீர் குடிக்க, இவன் ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு எறிந்திருக்கிறான். ஆறு மாதத்தில் அந்தக் கடைக் கூட்டத்தில் இவனை ஜெயிக்க ஆள் இல்லை.

அத்தாவுக்கு அந்த ஆட்டத்தை விளக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எட்டடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் நிற்க வேண்டும், கையில் மூன்று குட்டி அம்பு. ஐந்நூற்று ஒன்றில் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு எண்ணை இரட்டிப்பாக்கும் வெளிவளையத்தில், ஒரு விரல் அகலம்கூட இல்லாத கட்டத்தில் குத்த வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தா என்ன சொன்னார் தெரியுமா?

"ஊசி எறியறது ஒரு பொழப்பா? அதுவும் குடிக்கற எடத்துல போயி?"

ஒரு வருஷம் உன்னோடு பேசவே இல்லை. பிறகு நீ வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆட்டக்காரனாகி, பச்சைச் சட்டையில் மிளகுக்கொடி படம் போட்டுக்கொண்டு மேடையேறினாய். அங்கே உன்னைக் கூப்பிட்ட பெயரே 'பெப்பர்'தான். நான் அனுப்பிய கொல்லிமலை மிளகு நாலைந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் எறிவாயாமே. அந்தப் போட்டோவை அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கொடியை வரைஞ்சவனுக்குக் காய் எப்படித் தொங்கும்னு தெரியலை" என்றார். அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டுவிட்டார்.

எத்தனை சாயங்காலம் நம் மிளகுக் கடையை அரை மணி முன்னதாக அடைத்துவிட்டு உன் ஆட்டத்தைப் பார்த்திருப்போம்! உலகப் போட்டியில் கால் இறுதி வரை இரண்டு முறை போனாய். வேஷம் கட்டிக்கொண்டு வந்த ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் உன் பெயரைப் பாட்டாகப் பாடினார்கள். அவர்கள் நடுவே நம் அத்தாவின் மூக்கோடு நீ நின்றாய். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. முப்பத்திரண்டு பாக்கி. இரட்டைப் பதினாறு அடித்தால் ஜெயிப்பு. உன் கை முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது. அம்பு விரலை விட்டுப் போகவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்து நான் போனைத் தட்டினேன். உனக்குப் பக்கத்தில் நின்ற நடுவர் கண் சிமிட்டினார். நெட் இருந்தது.

அந்த ஆட்டத்தில் இப்படி ஆவதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், எல்லாம் மனப்பயம் என்று சொன்னார்கள். மனசுக்கான டாக்டரிடம் அனுப்பினார்கள். மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நானும் என் பங்குக்குப் போனில் கேட்டேனே, "ராவுத்தர் மகனா இருந்துட்டு இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருக்கியேண்ணா" என்று. "பயமில்ல ஜமீலா. குளிரு. கை தொறக்க மாட்டேங்குது" என்றாய். நான் நம்பவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வரிசையில் கீழே இறங்கினாய். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தரும் அட்டை போனது. சாராவின் அம்மாவும் நீயும் பிரிந்தீர்கள். முப்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு பெட்டியும் ஒரு பலகையுமாக வந்து மலைமேல் வீடு பிடித்தாய். சேந்தமங்கலத்தில் இருந்தால் கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் "ஏன் விட்டுட்டே?" என்று கேட்பான், அதனால்தான் மலை என்றாய்.

அந்த பஸ் விஷயம் நடக்காமல் இருந்திருந்தால் நமக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கும். சேந்தமங்கலம் ஸ்டாப்பில் இறங்கினாய். கால் தரையில், கை பஸ் கம்பியில். கம்பியை விடவில்லை. பஸ் நகர்ந்தது, நீயும் கூடவே ஓடினாய். "ஏனுங்க, கைய விடுங்க! விடுங்கங்கறேன்!" என்று கண்டக்டர் கத்தினார். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். உன் முகத்தில் பயமே இல்லை, வெட்கம்தான் இருந்தது. முழங்காலெல்லாம் சிராய்ப்பு. மறுநாளே சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் உன் கையைப் பிடித்து, "நல்லா இறுக்குங்க. இப்ப விடுங்க" என்றார். விரல்கள் ஒவ்வொன்றாக, மனசில்லாமல் பிரிந்தன. கட்டைவிரலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டினார். சதை சுருண்டு எழுந்து, இறங்க மறுத்தது. இது பயமும் இல்லை, மனசும் இல்லை, பிடித்தால் சட்டென்று விடாத தசை நோய் என்றார். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு இறங்குமாம். அடுத்த தலைமுறைக்கு இன்னும் சின்ன வயதிலேயே வரலாமாம். கையோடு நிற்காதாம், இதயத் துடிப்பையும் தடுமாற வைக்குமாம். தெரிந்துகொண்டால் கருவி வைத்துக் காப்பாற்றலாம், தெரியாமல் விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம் என்றார்.

"உங்க அப்பாவுக்கு இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார்.

நீ இல்லை என்று தலையாட்டினாய். எனக்கு மலைமேல் செம்மேட்டுச் சந்தை கண் முன்னால் வந்து நின்றது. மாட்டுச் சந்தையில் செய்வது போல அத்தாவும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் மிளகுக்கு விலை பேசுவார். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. மற்ற வியாபாரிகள் பிடித்துப் பிடித்து விடுவார்கள். அத்தா பிடித்தால் விடமாட்டார். "ராவுத்தரு உடும்புப்பிடிங்க, வெலை படியாம வெரல உடமாட்டாரு" என்று மலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். பெருநாள் தொழுகை முடிந்து கை கொடுத்தாலும் அப்படித்தான். என்ன பிரியம் பாருங்கள், கையை விட மனசு வரவில்லை என்று ஊரே மெச்சும்.

துண்டுக்கு அடியில் அவர் விரல்கள் என்ன பாடு பட்டன என்று யாருக்குத் தெரியும்? அவரும்தான் யாரிடம் சொல்லியிருப்பார்? உடும்புப்பிடி என்ற பட்டம் வியாபாரத்துக்கு நல்லது என்று விட்டிருப்பாரோ? ஒரு சந்தை நாளில் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நாமும் ஆமாம் என்று தலையாட்டினோம்.

சேலத்திலிருந்து திரும்பி மலைமேல் உன் வீட்டுக்கு வந்தோம். படகுத்துறை ஏரி மேல் பனிமூட்டம் இறங்கி அக்கரை தெரியவில்லை. ஏரியில் யாரோ சிரிப்பது மட்டும் கேட்டது. இதயத்துக்குக் கருவி வைக்க டாக்டரிடம் தள்ளிக் கேட்டு வாங்கிய தேதிச் சீட்டை நீ மடித்துப் பலகைக்குப் பின்னால் செருகினாய்.

"சாராவுக்கு அந்த அட்டைக்கான தேர்வுச் சுற்று வருது. நான் ஆஸ்பத்திரியில படுத்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா. அது முடியட்டும்."

"அவளுக்கும் பாக்கணும்னு டாக்டர் சொன்னாரேண்ணா."

"சொல்லாதே. சொன்னா அவ பலகையப் பாக்க மாட்டா, கையப் பாப்பா. கையப் பாத்தவங்களால எறிய முடியாது. நான் பட்டிருக்கேன். அவளுக்கு இருக்குன்னே வெச்சுக்க, கொஞ்ச நாளாவது ஆடட்டும். இல்லாமப் போச்சுன்னா? இல்லாத நோய்க்கு ஒரு கையை நாமளே கெடுத்தவங்களா ஆயிடுவோம்."

"எத்தனை நாளைக்குச் சொல்லாம இருக்கறது?"

"நான் சொல்லச் சொல்ற வரைக்கும்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாய். நானும் சரி என்றேன். நீ வெகுநேரம் விடவில்லை. இந்த ஒரு வருஷமாக உன்னிடம் கேட்க நினைக்கிற கேள்வி இதுதான் அண்ணா. அன்று என் கையை நீ விடாமல் வைத்திருந்தது வாக்குக்காகவா, இல்லை, விட முடியாமலா?

அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் செல்லக்கண்ணு போன் செய்தார். உன் வீட்டையும் பக்கத்து மிளகுத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறாரே, அந்த மனிதர் அப்படி அழுது நான் கேட்டதில்லை. காலையில் காப்பி கொண்டுவந்தவர் உன்னைப் பலகைக்கு முன்னால் கண்டிருக்கிறார். இரண்டு அம்பு பலகையில் இருந்தன. மூன்றாவது தரையில் கிடந்தது. உன் கை மல்லாந்து லேசாக விரிந்திருந்ததாம். அன்றைக்கு மட்டும் அது எப்படித் தானாகத் திறந்தது?

அன்றே அடக்கம் செய்துவிட்டோம். சாராவால் வந்து சேர முடியவில்லை. அழுதுகொண்டே போய் எறிந்து, தேர்வுச் சுற்றில் ஜெயித்து, உன்னிடமிருந்து போன அந்த அட்டையை வாங்கிவிட்டாள். உன் பச்சைச் சட்டையைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறாள். அங்கே அவளையும் 'பெப்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நீ கேட்டிருந்தால் ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருப்பாய்.

இனி நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். எழுபதாவது வளைவும் முடிந்துவிட்டது.

அவளுக்குப் பிடிக்குமே என்று இடியாப்பமும் கறிக்குழம்பும் எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் மலையேறினேன். வாசலில் செல்லக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டவர் உள்ளே போகவில்லை.

"ஏனுங்கம்மா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"காத்தாலப் பாப்பாவுக்குக் காப்பி குடுத்தனுங்க. குடிச்சுப்போட்டுத் தம்ளரத் திருப்பிக் குடுக்குது. நானும் இழுக்கறனுங்க, வரமாட்டீங்குது. பாப்பா வெளையாடுதுன்னு நெனச்சுச் சிரிச்சனுங்க. அதும் சிரிச்சுதுங்க. அப்பறம் பாத்தா…" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யூசுப்பய்யாகிட்டயும் இப்படித்தானுங்களே தம்ளரு வாங்குவேன்."

"மலைக் குளிருக்கு விரல் விறைச்சிருக்கும்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பார், அந்தப் பொய். மலைக்காற்று என்று சொல்லி அத்தாவை அனுப்பிய ஊர்தானே நம் ஊர்.

உள்ளே அவள் எறிந்துகொண்டிருந்தாள். நான் வந்தது தெரியாது. நிற்பது உன் நிற்பு, வலது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி. முதல் அம்பு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்குக் கை முன்னால் போய் வந்தது. மறுபடி போய் வந்தது. பலகைக்குப் பின்னால் நீ செருகிய காகிதத்தின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறைதான் அம்பு பறந்தது, அதுவும் வளையத்துக்கு வெளியே.

திரும்பி என்னைப் பார்த்தவள் கையை உதறிக்கொண்டு சிரித்தாள். "குளிரு, அத்தை."

உன் வார்த்தை, அண்ணா. அப்படியே உன் வார்த்தை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இடியாப்பத்தைப் பிழிந்தது எப்படி, குழம்புக்கு எந்த மிளகு என்று பேசிப் பேசியே பொழுதைக் கழித்தேன். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். டிவியில் வரப்போகிற ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். நீ பயந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. சொன்னால் அந்த வெளிச்சத்தை அணைப்பது நானாகத்தான் இருப்பேன்.

சாயங்கால பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட வந்தாள். பனி இறங்கி முகப்பு விளக்கு மட்டும் மஞ்சளாக வந்து நின்றது. படியில் கால் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

"கைய விடு கண்ணு, பஸ் எடுத்துருவான்."

"விட்டுட்டேனே அத்தை" என்றாள்.

விடவில்லை. நான் கீழே பார்த்தேன். அவளும் பார்த்தாள். நாலு விரலும் என் மணிக்கட்டைச் சுற்றி அப்படியே இருந்தன. அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் நகரத் தொடங்கும் முன்னால் அவள் விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். ஜன்னல் வழியே பார்க்கும்போது ரோட்டில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் எதைத் தடுக்க நினைத்தோமோ அது நடந்துவிட்டது. அவள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உனக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொல்வார்கள், பயம் என்று, மனசு என்று. அவளும் நம்புவாள். இருபத்து நாலு வயதுப் பெண் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டு மேடையில் நிற்பாள். ஒரு நாள் காலையில் யாராவது காப்பி கொண்டு போவார்கள். அதுவரை நான் காத்திருக்க வேண்டுமா? நான் சொல்லச் சொல்ற வரைக்கும் என்றாயே, இனி நீ எங்கே வந்து சொல்லப் போகிறாய்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம் அண்ணா. அத்தா மறைத்தார், நீ மறைத்தாய், ஒரு வருஷம் நானும் மறைத்தேன். உனக்கு வாக்குக் கொடுத்தபோது தங்கையாக இருந்தேன், அவளுக்கும் நான் அத்தை என்று அப்போது தோன்றவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒன்பது நாள். இன்னும் பத்து நாள் முன்னால் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இதை எழுதும்போது இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துப் பார்த்தேன். வைக்க முடிந்தது. இரண்டாவது முறை கொஞ்சம் நேரமானதோ? எனக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அன்றே சொன்னார். உன்னைக் குறை சொல்கிற நான் ஒரு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

அதனால் பழைய வாக்கை உடைத்துவிட்டு உனக்குப் புதிதாக ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலையேறுவேன். பலகைக்குப் பின்னால் இருக்கிற காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்வேன். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்பாள். தெரியும் என்பேன். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்பாள். அதையும் சொல்வேன். சனிக்கிழமை அதே டாக்டரிடம் இரண்டு பேரும் போவோம், முதலில் நான்தான் கையை நீட்டுவேன். அதற்குப் பிறகு ஆடுவதா வேண்டாமா என்பதை உன் மகள் முடிவு செய்யட்டும். அதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

அவளிடம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பேன். அத்தாவின் தம்பி மக்கள், பேரன் பேத்திகள் திருச்சி, கோயம்புத்தூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது உடும்புப்பிடி இருக்கிறது என்று வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தால், சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லத்தான் இதை ஊரறிய எழுதினேன்.

உனக்காக துஆ கேட்காத தொழுகை வக்து இல்லை. ஆனால் அன்று நீ பிடித்த கையை இன்று நான் விடுவித்துக்கொள்கிறேன் அண்ணா. நாளைக்கு அதை உன் மகள் பிடிக்க வேண்டியிருக்கும். எவ்வளவு நேரம் பிடித்தாலும் பிடித்துக்கொள்ளட்டும்.

உடும்புப்பிடி ராவுத்தரின் மகளும்,
சாராவின் அத்தையும்,
உன் தங்கையுமான
ஜமீலா